பியூட்: செம்பு எடுத்த மலையின் மேல் ஒரு நகரம்

மொன்டானா மாநிலத்தின் பியூட் நகரில் குறுக்குத் தெருக்கள் பலவற்றுக்குக் கனிமங்களின் பெயர்களும் உலோகங்களின் பெயர்களும் வைத்திருக்கிறார்கள். குவார்ட்ஸ், கிரானைட், கலீனா, மெர்குரி, போர்ஃபிரி, பிளாட்டினம் என்று மலைச்சரிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும் அந்தத் தெருக்களை மெயின் தெரு நெடுக்காகக் கடந்து மேலேறுகிறது. அதில் வடக்கு நோக்கி நடந்தால், நூறு ஆண்டுகளுக்கு முந்தைய பெரிய செங்கல் கட்டடங்கள் முதலில் வரும். பிறகு தொழிலாளர்களின் சிறிய மரவீடுகள். அந்த வீடுகளுக்கு இடையிலேயே, யாரோ ஒருவரின் கொல்லைப்புறத்தை ஒட்டி, கறுத்த இரும்புக் கோபுரங்கள் எழுந்து நிற்கும். சுரங்கத்துக்குள் ஆட்களைக் கூண்டில் இறக்கவும் தாதுவை மேலே இழுக்கவும் நிறுத்தப்பட்ட கோபுரங்கள் அவை. ஒரு டஜனுக்கும் மேற்பட்டவை இன்றும் நிற்கின்றன. பலவற்றில் இரவு வந்ததும் சிவப்பு விளக்குகளை ஏற்றுகிறார்கள்.

அமெரிக்க மேற்கு என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது குதிரையும் மாட்டுமந்தையும் முடிவில்லாத புல்வெளியும்தான். பியூட் அந்த மேற்கைச் சேர்ந்த ஊர் இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில், ராக்கி மலைத்தொடரின் நடுவே, உலகின் நாலா திசைகளிலிருந்தும் வந்த கூலிக்காரர்கள் கட்டிய தொழில் நகரம் இது. 1880-களில் மின்சாரம் பரவத் தொடங்கியபோது உலகத்துக்குச் செம்புக் கம்பி தேவைப்பட்டது. அந்தச் செம்பு இந்த ஒரு மலைக்கு அடியில் குவிந்து கிடந்தது. 1920-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 60,000-ஐத் தாண்டியிருந்தது. இப்போது சுமார் 35,000 பேர் இருக்கிறோம். அவர்களில் ஒருவனாக நான் சில காலமாக இங்கே வாழ்கிறேன். இந்த ஊரைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு.

என் தாய்வழித் தாத்தா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கில நிறுவனம் அங்கே தோண்டத் தொடங்கியபோது, வட ஆர்க்காட்டிலிருந்தும் அதைச் சுற்றிய வறண்ட ஊர்களிலிருந்தும் தமிழர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அவர்களை மேற்பார்வை செய்ய வந்தவர்களில் பலர் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலைச் சேர்ந்த சுரங்கக்காரர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கார்ன்வாலின் செம்பும் தகரமும் விலை வீழ்ந்து அங்கிருந்த சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட, பாறையைக் குடைவதைத் தவிர வேறு தொழில் அறியாத அந்த மக்கள் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, மைசூர் சமஸ்தானம், அமெரிக்க மேற்கு என்று சிதறிப்போனார்கள். கோலாருக்குப் போனவர்களின் உறவினர்களோ ஊர்க்காரர்களோ பியூட்டுக்கும் வந்திருக்கக்கூடும். ஆனால் நிலை வேறு. கோலாரில் அவர்கள் துரைகளாக இருந்தார்கள். இங்கே அவர்களே கூலிக்காரர்கள்.

அவர்கள் கொண்டுவந்த உணவு இன்றும் பியூட்டின் அன்றாட உணவாக இருக்கிறது. பாஸ்டி என்பது மாட்டிறைச்சியையும் உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் சேர்த்து மாவில் மடித்துச் சுடும் பண்டம். சாப்பாட்டுத் தூக்கில் வைத்துச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகவும், தட்டு இல்லாமல் கையில் பிடித்தே தின்னவும் ஏற்றது. வீட்டிலிருந்து வந்த கடிதம் என்று கார்ன்வால்காரர்கள் அதைச் சொல்வார்களாம். அயர்லாந்துக்காரர்களும் இத்தாலியர்களும் பின்லாந்துக்காரர்களும் அதைத் தங்கள் உணவாகவே ஏற்றுக்கொண்டதால், இப்போது பாஸ்டியை யாரும் ஓர் இனத்தின் பண்டமாகப் பார்ப்பதில்லை. கடையில் அதன்மேல் குழம்பை ஊற்றித் தட்டில் தருகிறார்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் குரோஷிய, செர்பிய வழிவந்த குடும்பங்கள் வால்நட் அரைத்துச் சுருட்டிச் சுடும் பொவிட்டிட்சா ரொட்டியும் அவ்வாறே எல்லா வீடுகளுக்கும் போய்ச்சேர்கிறது. எங்கள் தெருவில் அதைச் செய்பவரின் பாட்டனார் பின்லாந்திலிருந்து வந்தவர். அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுச் செர்பியப் பாட்டி.

இந்தக் கலப்பு எளிதாக வந்துவிட்டதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் ஆலிஹிஸ் என்ற செம்புச் சுரங்க ஊரும் அதைச் சுற்றிய பேரா தீபகற்பமும் ஏறக்குறைய காலியாகும் அளவுக்கு மக்கள் இங்கே வந்தார்கள். டப்ளின் கல்ச் என்ற அவர்களுடைய குடியிருப்புக்கும் கார்ன்வால்காரர்களின் குடியிருப்புக்கும் இடையே கைகலப்பு சாதாரணம். பின்லாந்துக்காரர்களுக்குக் கிழக்கில் தனிப் பகுதி, இத்தாலியர்களுக்கு மீடர்வில், கிழக்கு ஐரோப்பியர்களுக்கு மெக்குவீன். தனியாட்கள் விடுதிகளில் தங்கினார்கள். பகல் முறைக்குப் போனவரின் படுக்கையில் இரவு முறையிலிருந்து திரும்பியவர் அந்தச் சூட்டோடு படுத்துக்கொண்டார். இத்தனை பேரையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தது சங்கம்தான். 1878-இல் நாட்கூலியை மூன்றரை டாலரிலிருந்து மூன்று டாலராகக் குறைக்க முதலாளிகள் முயன்றபோது தொடங்கிய சங்கம் அது. கூலி மூன்றரை டாலராகவே நிலைத்தது. சுரங்கக்காரர்கள் மட்டுமல்லாமல், 1890-இல் உணவகங்களிலும் விடுதிகளிலும் வேலை செய்த பெண்களும் தங்களுக்கென ஒரு சங்கத்தை அமைத்தார்கள். மேற்கு அமெரிக்காவில் சங்கத்தின் கோட்டை என்று பியூட்டைச் சொன்னது இதனால்தான்.

அந்தக் கோட்டைக்கு ஒரு வெளிப்புறமும் இருந்தது. 1896-இல் இதே தொழிற்சங்கங்கள் கூடிச் சீனர்களின் கடைகளையும் சலவையகங்களையும் சிற்றுண்டிச் சாலைகளையும் யாரும் அணுகக் கூடாதென்று புறக்கணிப்பை நடத்தின. வாசலில் ஆட்களை நிறுத்தி வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பின. சீன வணிகர்கள் ஊரைவிட்டு ஓடவில்லை. ஹூயி பாக், க்வான் லாய் முதலானோர் வழக்குத் தொடுத்து, புறக்கணிப்பை நிறுத்த நீதிமன்ற ஆணை பெற்றார்கள். அவர்கள் வென்ற பின்னரும் பலர் மெல்ல மெல்ல வெளியேறினார்கள் என்பது வேறு செய்தி. இன்று மை வா என்ற பழைய கடைக்கட்டடம் அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கிருந்து சற்றுத் தொலைவில் 1911-இல் தொடங்கிய பீக்கின் நூடுல் பார்லர் இன்னும் நடக்கிறது. செங்குத்தான படியேறிப் போனால், ஆரஞ்சு வண்ணம் பூசிய மரத்தடுப்புகளுக்குள் திரைச்சீலை தொங்கும் சிறு சிறு அறைகளில் உட்கார்ந்து சாப்பிடலாம். அமெரிக்காவில் ஒரே குடும்பம் தொடர்ந்து நடத்திவரும் சீன உணவகங்களில் மிகப் பழமையானது என்று பெயர் பெற்ற அந்த இடத்துக்கு 2023-இல், அமெரிக்க உணவகங்களுக்கு விருதளிக்கும் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளையின் விருது கிடைத்தது. ஊர் முழுவதும் அதைத் தன் பெருமையாகக் கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டத்தில் 1896-ஐயும் சேர்த்துச் சொன்னவர்கள் இருந்தார்கள் என்பதற்காக இந்த ஊரை நான் மதிக்கிறேன்.

பியூட்டைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் போகவேண்டிய இடம் ஊருக்கு மேலே உள்ள கிரானைட் மவுண்டன் நினைவிடம். 1917 ஜூன் 8-ஆம் தேதி இரவு, கிரானைட் மவுண்டன் சுரங்கத்தின் செங்குத்துக் குழியில் ஒரு கனத்த மின்கம்பியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தீத்தடுப்பு ஏற்பாட்டின் ஒரு பகுதியாகவே அந்த வேலை நடந்தது. கம்பி பிடி நழுவிக் கீழே விழுந்து, அதன் ஈய உறை கிழிந்து, உள்ளிருந்த எண்ணெய் ஊறிய காப்புத்துணி வெளியே தெரிந்தது. அதைப் பார்வையிடப் போன மேற்பார்வையாளரின் கார்பைடு விளக்குச் சுடர் அதில் பட்டது. சுரங்கத்துக்குக் காற்றை இழுத்துச் செல்லும் குழி அது. தீ மேலே எரிய, புகையும் நச்சுவாயுவும் கிடைச்சுரங்கங்களுக்குள் பாய்ந்தன. பக்கத்துச் சுரங்கங்களுக்குத் தப்பிப் போகலாமென்று ஓடியவர்கள் கான்கிரீட் தடுப்புச் சுவர்களில் முட்டிக்கொண்டார்கள். அந்தச் சுவர்களில் திறக்கக்கூடிய இரும்புக் கதவுகள் இருக்க வேண்டுமென்று மாநிலச் சட்டம் சொன்னது, கதவுகள் இல்லை. 168 பேர் இறந்தார்கள். அமெரிக்காவின் கடும்பாறைச் சுரங்க வரலாற்றில், அதாவது நிலக்கரியை விட்டு உலோகத் தாது எடுக்கும் சுரங்கங்களின் வரலாற்றில், இதைவிடப் பெரிய விபத்து நடந்ததில்லை.

கருவிகளை எடுத்துக்கொடுக்கும் வேலையில் இருந்த மேனஸ் டகன் என்ற இளைஞர், தன்னோடிருந்தவர்களைத் தடுத்து நிறுத்தி, மரப்பலகையும் மண்ணும் கித்தானும் அவர்களுடைய சட்டைகளும் கொண்டு ஒரு சுவரை அடைத்துக் காற்றைக் காத்தார். ஒன்றரை நாளுக்கும் மேல் இருட்டில் அவர்கள் உள்ளே இருந்தார்கள். அவர்களில் 25 பேர் உயிரோடு வெளியே வந்தார்கள், டகன் வரவில்லை. கருவுற்றிருந்த தன் மனைவிக்கு அந்த இருட்டில் அவர் எழுதிய குறிப்புகள் கிடைத்தன. நினைவிடத்தில் இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்பவருக்கு, பல நாட்டு ஒலிகள் ஒரே கல்வரிசையில் இருப்பது தெரியும். என் தாத்தாவின் காலத்தில் சாம்பியன் ரீஃபின் பாறை வெடிப்புகளில் இறந்தவர்களின் பெயர்களை அவரவர் குடும்பத்துக்கு வெளியே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தாத்தா தன்னோடு வேலை செய்தவர்களை வரிசையாகச் சொல்லுவார். அவர் போன பிறகு அந்த வரிசை எங்கள் வீட்டில் யாருக்கும் முழுதாகத் தெரியவில்லை. இந்த நினைவிடத்தில் நான் நெடுநேரம் நிற்பது அதனால்தான்.

தீ விபத்துக்குப் பின் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. அதற்குத் துணை நிற்க வந்த தொழிற்சங்க அமைப்பாளர் ஃபிராங்க் லிட்டிலை, ஆகஸ்ட் 1-ஆம் தேதி விடியலுக்கு முன், முகமூடி அணிந்தவர்கள் விடுதியிலிருந்து இழுத்துச் சென்று ரயில் பாலத்தில் தூக்கிலிட்டார்கள். யார்மீதும் வழக்கு நடக்கவில்லை. அவருடைய இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். முதலாளிகளின் நலன்கள் அவரைக் கொன்றன என்று அவருடைய கல்லறைக் கல்லில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அந்தக் கல்லின் மேல் இன்றும் யாராவது பூவோ நாணயமோ வைத்துவிட்டுப் போகிறார்கள். செம்பு மன்னர்களில் ஒருவரான வில்லியம் கிளார்க் கட்டிய மாளிகையும் ஊருக்குள் இருக்கிறது. காசு கொடுத்தால் உள்ளே சுற்றிப் பார்க்கலாம். நான் பழகிய பியூட்காரர்கள் விருந்தினரை அழைத்துக்கொண்டு போவது பெரும்பாலும் கல்லறைக்கும் நினைவிடத்துக்கும்தான். யாரை நினைவில் வைப்பது என்பதில் இந்த ஊர் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது, அந்த முடிவு சரியானது என்றே நான் நம்புகிறேன்.

விபத்தில் இறந்தவர்களைவிட நுரையீரலில் கல்தூசி படிந்து இறந்தவர்கள் பல மடங்கு. விபத்து நடந்த அதே ஆண்டுகளில் அமெரிக்கச் சுரங்கத்துறை ஆயிரத்துச் சொச்சம் தொழிலாளர்களைச் சோதித்துப் பார்த்தபோது, பத்தில் நான்கு பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. அதற்கு நினைவுக்கல் கிடையாது. பழைய குடும்பங்களில் கேட்டால் தாத்தாவை யாரும் பார்த்ததில்லை, பாட்டிதான் விடுதி நடத்தி அல்லது துணி துவைத்துப் பிள்ளைகளை வளர்த்தார் என்ற கதை திரும்பத் திரும்ப வரும். இந்த ஊரில் பாட்டிமார்களுக்கு இருக்கும் மரியாதையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1955-இல், பியூட்டின் சுரங்கங்களை நடத்திவந்த அனகோண்டா நிறுவனம் குடைவதை விட்டுத் திறந்தவெளியில் தோண்டத் தொடங்கியது. வளமான தாது குறைந்துவிட்டது; மலையையே அள்ளினால்தான் மிச்சமுள்ள செம்பு இலாபம் தரும் என்று கணக்குப் போட்டார்கள். பெர்க்லி குழி என்று பெயரிட்ட அந்தப் பள்ளம் வளர வளர, மீடர்வில் முழுதாகப் போனது, மெக்குவீன் போனது, கிழக்கு பியூட் போனது. பக்கத்து வீட்டில் வசிக்கும் முதிய அம்மையார் மீடர்வில்லில் பிறந்தவர். அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் இன்று தரையே இல்லை. அவருடைய தந்தை அந்தக் குழியில்தான் லாரி ஓட்டினார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருக்காது. வேலை வேண்டியிருந்தது, வேறு எங்கே போவது என்பார். எனக்குத்தான் அந்தக் கோபம் வருகிறது.

அவருக்குக் கோபம் வருவது கொலம்பியா தோட்டத்தைப் பற்றிப் பேசும்போதுதான். 1899-இல் கிளார்க் அமைத்த அந்தப் பூங்காவில் குதிரை ராட்டினமும் நடன மண்டபமும் பூச்செடிகளும் இருந்தன. கோடையில் குழந்தைகளுக்கென்று வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கி, டிராம் வண்டியில் இலவசமாக அழைத்துப்போனார்கள். அன்றைக்கு ஒவ்வொரு குழந்தையும் பூப்பறித்துத் தாய்க்குக் கொண்டுபோகலாம். புல் முளைக்காத, உருக்காலைப் புகையில் கறுத்த ஊரில் அந்தப் பூக்கள் என்னவாக இருந்திருக்கும் என்று நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். 1973-இல் நிறுவனம் தோண்டுவதற்காகத் தோட்டத்தை மூடியது. அதே ஆண்டில் அதன் ஒரு பகுதி தீயில் எரிந்தது. அரை நூற்றாண்டு கழிந்தும் அறுபதைத் தாண்டியவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது கண்கலங்குகிறார்கள். தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்து, கையால் மரக்குதிரை செதுக்கி, 2018-இல் புதிய ராட்டினம் ஒன்றைத் திறந்தார்கள். நான் முதலில் கண்ட வரிசையில் குழந்தைகளைவிடப் பாட்டிகள் அதிகம்.

சிலி நாட்டில் இருந்த தன் சுரங்கங்களை 1971-இல் அந்த நாட்டு அரசிடம் இழந்த அனகோண்டா, 1977-இல் ஆர்கோ என்ற எண்ணெய் நிறுவனத்தின் கைக்குப் போனது. 1982-இல் பெர்க்லி குழியில் வேலை நின்றது. அந்த ஏப்ரலில் நிலத்தடி நீரை வெளியேற்றிக்கொண்டிருந்த இறைப்பான்களையும் நிறுத்திவிட்டார்கள். ஆயிரக்கணக்கான மைல் நீளப் பழைய சுரங்கங்களுக்குள் நீர் ஏறி, கந்தகம் கலந்த பாறையைத் தொட்டு அமிலமாகி, செம்பையும் ஆர்சனிக்கையும் காட்மியத்தையும் கரைத்துக்கொண்டு குழியை நிரப்பத் தொடங்கியது. 1995-இல் வலசை வந்த பனிவாத்துகள் அந்த நீரில் இறங்கி 342 இறந்தன. 2016 நவம்பரில் பனிப்புயலில் இறங்கியவற்றில் மூவாயிரத்துக்கும் மேல். இப்போது வலசைக் காலத்தில் கரையில் ஆட்கள் காவலிருந்து, ஓசை எழுப்பியும் ஒளி பாய்ச்சியும் பறவைகளை விரட்டுகிறார்கள்.

சுரங்கம் மூடிய அந்த ஆண்டுகளில்தான் ஊரின் கிழக்கு மலைமுகட்டில் அன்னை மரியாளின் சிலையை எழுப்பினார்கள். மனைவி நோயிலிருந்து பிழைத்தால் ஒரு சிலை வைப்பதாக 1979-இல் பாப் ஓபில் என்ற சுரங்கத் தொழிலாளி நேர்ந்துகொண்டார். மனைவி பிழைத்தார். வேலையிழந்த வெல்டர்களும் லாரி ஓட்டுநர்களும் கூலி வாங்காமல் மலைக்குப் பாதை வெட்டி, இரும்புத் தகடுகளை இணைத்து, 90 அடி உயரச் சிலையைச் செய்தார்கள். 1985 டிசம்பரில் ஹெலிகாப்டர் ஒன்று அதைப் பகுதி பகுதியாகத் தூக்கி வைத்தது. நேர்த்திக்கடன் என்பது நமக்கு விளக்கம் தேவைப்படாத செயல். ஒரு நகரமே வேலையற்று நின்றபோது ஒருவருடைய நேர்த்திக்கடனை எல்லாருமாக எடுத்துச் செய்தார்கள் என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது.

இப்போதைய வாழ்க்கையில் சுரங்கம் வேறு வடிவில் வந்துகொண்டேயிருக்கிறது. வீட்டில் மராமத்து செய்வதென்றால், பரணில் பல பத்தாண்டுகளாகப் படிந்த தூசியில் ஈயமும் ஆர்சனிக்கும் உண்டா என்று மாவட்ட நிர்வாகத்தின் ஆட்கள் வந்து சோதிப்பார்கள். முற்றத்து மண்ணையும் எடுத்துப் போவார்கள். எங்கள் பரணிலும் தூசி அளவுக்கு மீறியிருந்தது. முழு உடையும் மூச்சுக்கவசமும் அணிந்தவர்கள் வந்து உறிஞ்சி எடுத்துப் போனார்கள். குழியின் நீரைச் சுத்திகரிக்க 2003-இல் ஆலை அமைத்தார்கள். 2019 முதல் சுத்திகரித்த நீரை ஓடையில் விடுகிறார்கள். நீர் ஊறுவது நிற்காது என்பதால் அந்த ஆலை என்றென்றைக்கும் ஓடியாக வேண்டும். 1900-இல் சுரங்கக் கல்லூரியாகத் தொடங்கிய மொன்டானா டெக்கில் இன்றைய மாணவர்கள் சிலர் அந்த நீரைத்தான் ஆராய்கிறார்கள்.

ஊருக்குள் ஓடிய சில்வர் போ ஓடையின் மேற்பகுதியை நிறுவனக் கழிவு மூடிவிட்டது. ஆவணங்களில் அதற்கு மழைநீர் வடிகால் என்று பெயர் வந்துவிட்டது. வடிகால் என்றால் ஓடையின் தரத்துக்குச் சுத்தம் செய்யும் கட்டாயம் தளர்ந்துவிடும் என்பதால், ஊர்மக்கள் சிலர் நீதிமன்றம் போய் அது ஓடைதான் என்று தீர்ப்பு வாங்கினார்கள். ஊருக்குக் கீழே கழிவுமண்ணை அள்ளி எடுத்த பகுதியில் டிரவுட் மீன்கள் திரும்பி வந்துவிட்டன. ஊருக்குள் வேலை இன்னும் பாக்கி. அது பற்றிய பொதுக்கூட்டங்கள் மாலை நேரங்களில் நடக்கின்றன, நானும் போகிறேன். சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற முதியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, அதிகாரிகளின் வரைபடத்தைக் கூர்ந்து பார்த்து, கழிவை எத்தனை அடி ஆழம்வரை தோண்டி எடுக்கப்போகிறீர்கள், அதற்கும் கீழே இருப்பதை என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்கள். அந்த நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்கு நேரில் தெரியும்; பதிலை முழுதாகக் கேட்காமல் அவர்கள் உட்காருவதில்லை.